புலிவாலை விடுவதா, பிடித்துக்கொண்டே ஓடுவதா? 1931இல் ஐரோப்பாவின் முன் இருந்த மூன்று வழிகள்

1931 ஜூலை 13, திங்கட்கிழமை. பெர்லினில் தனாட் வங்கி அன்று காலை கதவைத் திறக்கவில்லை. ஜெர்மனியின் நான்கைந்து பெரிய வங்கிகளில் அதுவும் ஒன்று. பணம் எடுக்க வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு அடுத்த வங்கிக்கு ஓடினார்கள். அங்கே கேட்டதில் ஒரு பகுதிதான் கைக்கு வந்தது. அடுத்த இரண்டு நாளும் எல்லா வங்கிகளுக்கும் அரசே விடுமுறை விட்டது. எட்டு வருடத்துக்கு முன், 1923இல், இதே ஜனங்கள் கை நிறையப் பணம் வைத்துக்கொண்டு ரொட்டி வாங்க முடியாமல் நின்றவர்கள். ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்று போய் முடிந்த காலம் அது. இப்போது பணத்துக்கு மதிப்பு இருந்தது, பணம்தான் கைக்கு வரவில்லை.

தீ பற்றியது வியன்னாவில். அந்த வருடம் மே 11 அன்று ஆஸ்திரியாவின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்டான்ஸ்டால்ட் தன் நஷ்டத்தை வெளியே சொன்னது. அங்கிருந்து புடாபெஸ்ட், பெர்லின் என்று பரவி, கோடை முடிவதற்குள் லண்டனையே தொட்டுவிட்டது. ஒவ்வொரு தலைநகரிலும் நிதியமைச்சரும் மத்திய வங்கித் தலைவரும் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டது ஒரே கேள்விக்காகத்தான்: தங்கத்தை விடுவதா, பிடித்துக்கொண்டே இருப்பதா? மூன்றாவதாகவும் ஒரு வழி இருந்தது. பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே கதவைச் சாத்திவிடுவது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. விடை நமக்குத் தெரியும் என்பதால் அன்றைக்கு முடிவெடுத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு நாடும் தான் கடைசியாகப் பட்ட சூட்டை நினைத்து முடிவெடுத்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். ஆனால் இந்த முறை தீ அடுப்பில் இல்லை, கூரையில் இருந்தது.

தங்கத்தோடு இவர்களுக்கு என்ன பிணைப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பெரிய நாடுகளின் நாணயங்கள் எல்லாம் இத்தனை எடை தங்கத்துக்குச் சமம் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தன. ஒரு பவுண்டு 4.86 டாலர் என்றால் அது சந்தையில் ஏறி இறங்கும் விலை இல்லை. இரண்டுக்கும் பின்னால் உள்ள தங்கத்தின் விகிதம். வெளிநாட்டுக்காரன் பயந்துபோய்ப் பணத்தை எடுத்தால் தங்கம் வெளியே போகும். அதைத் தடுக்க மத்திய வங்கி வட்டியை ஏற்ற வேண்டும், அரசு செலவை வெட்ட வேண்டும், கூலியும் விலையும் இறங்க வேண்டும். நாணயம் அசையக் கூடாது என்று முடிவுகட்டிவிட்டால் மற்ற எல்லாமே அசைந்து கொடுக்க வேண்டும். அசையாதது இன்னொன்றும் உண்டு: கடன். ஆயிரம் மார்க் கடன் வாங்கிய விவசாயிக்குத் தானிய விலை பாதியாகிவிட்டால், அதே கடனை அடைக்க இரண்டு மடங்கு தானியம் விற்க வேண்டும். வீட்டு அடமானத்துக்கும் ஆலைக் கடனுக்கும் இதே கணக்குத்தான். கடன் வாங்கியவன் திவாலாவான், அவனைத் தொடர்ந்து கடன் கொடுத்த வங்கியும். புலிவாலைப் பிடித்தவன் நிலைமை இதுதான்: விட்டால் கடிக்குமோ என்று பயம், விடாவிட்டால் அது இழுக்கிற இடத்துக்கெல்லாம் ஓட வேண்டும்.

விட்டவர்கள்

பிரிட்டன் மனமுவந்து விடவில்லை. 1925இல் நிதியமைச்சராக இருந்த சர்ச்சில், பவுண்டை முதல் உலகப் போருக்கு முந்தைய அதே 4.86 டாலர் மதிப்பில் மறுபடி தங்கத்தோடு கட்டினார். கௌரவப் பிரச்சினை. பவுண்டுக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுதல் மதிப்பு வைத்துவிட்டார்கள், அந்தப் பத்து சதவீதத்தைத் தொழிலாளியின் கூலியிலிருந்துதான் பிடுங்க வேண்டியிருக்கும் என்று பொருளாதார அறிஞர் கெயின்ஸ் அப்போதே எழுதினார். முதல் அடி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு விழுந்தது. கூலிக் குறைப்பு, கதவடைப்பு, 1926 மே மாதம் ஒன்பது நாள் பொது வேலைநிறுத்தம். அத்தனைக்குப் பிறகும் பவுண்டு 4.86இலேயே நின்றது.

1931 ஜூலை கடைசியில், அரசின் பட்ஜெட்டில் 12 கோடி பவுண்டு துண்டு விழும் என்று சர் ஜார்ஜ் மே தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. வெளிநாட்டுப் பணம் ஓட ஆரம்பித்தது. வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் பத்து சதவீதத்தை வெட்டுவதா வேண்டாமா என்பதில் தொழிற்கட்சி அமைச்சரவை இரண்டாகப் பிளந்தது. ஆகஸ்ட் 24 அன்று பிரதமர் மெக்டொனால்ட் நேற்றுவரை எதிரே உட்கார்ந்திருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு தேசிய அரசு அமைத்தார். பவுண்டைக் காப்பாற்றுவதற்காகவே வந்த அரசு அது. ஆனால் பவுண்டு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

அதைக் கவிழ்த்தது ஒரு ஷில்லிங். செலவு வெட்டில் கடற்படையினர் சம்பளமும் மாட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டன் துறையில் நின்ற போர்க்கப்பல்களின் மாலுமிகளில், பழைய விகிதத்தில் நாளுக்கு நான்கு ஷில்லிங் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இனி மூன்றுதான் என்று தெரிந்துகொண்டார்கள். நாலில் ஒன்று போயிற்று. செப்டம்பர் 15 அன்று கப்பலை எடுக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படையிலேயே கலகமாம் என்ற செய்தி உலகச் சந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் மிச்சமிருந்த நம்பிக்கையும் போனது. செப்டம்பர் 21, பிரிட்டன் தங்கத்தை விட்டது. தங்கத்துக்குக் காவல் தெய்வம்போல் இருந்த பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஆளுநர் மாண்டகு நார்மன் அப்போது உடம்புக்கு முடியாமல் கனடா போய்விட்டுக் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார்.

அப்புறம் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வேடிக்கை. வருடக் கடைசிக்குள் பவுண்டு மூன்றரை டாலருக்கும் கீழே இறங்கியது. கடையில் விலை வெடிக்கவில்லை, யாரும் தள்ளுவண்டியில் நோட்டுக் கொண்டுபோகவில்லை. பதவி இழந்த தொழிற்கட்சி அமைச்சர் ஒருவர், “இப்படிச் செய்யலாம் என்று யாரும் எங்களிடம் சொல்லவே இல்லையே” என்று புலம்பியதாக ஒரு கதை இன்றுவரை உலவுகிறது.

பலன் உடனே வரவில்லை. வட்டி முதலில் ஆறு சதவீதத்துக்கு ஏறியது. தங்கத்தைக் காக்க வேண்டிய வேலை இல்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. 1932 ஜூன் கடைசியில் வட்டி 2 சதவீதத்துக்கு இறங்கி, இரண்டாம் உலகப் போர் வரும்வரை ஏறத்தாழ அங்கேயே கிடந்தது. அதே நேரத்தில் அரசு 200 கோடி பவுண்டு போர்க் கடன் பத்திரங்களின் வட்டியை ஐந்திலிருந்து மூன்றரைக்குக் குறைத்தது. மலிவான கடனில் வீடுகள் எழும்பின; முப்பதுகளின் நடுவில் வருடத்துக்கு மூன்று லட்சம் வீடுகளுக்கு மேல். தெற்கு இங்கிலாந்தில் புது வீடு, புது ரேடியோ, புது ஆலை. வடக்கே அப்படி இல்லை. கப்பல் கட்டும் தளத்தை மூடிவிட்ட ஜாரோ ஊரிலிருந்து இருநூறு பேர் 1936 அக்டோபரில் லண்டனுக்கு நடந்தே போய் வேலை கேட்டார்கள். ஆகவே இந்த வழி எல்லோரையும் கரையேற்றியது என்று சொல்ல முடியாது. நாட்டைக் கவிழாமல் வைத்தது. அந்தப் பத்தாண்டில் அதுவே பெரிய விஷயம்.

இந்த வழிக்கு ஒரு விலை இருந்தது, அதைக் கொடுத்தது வேறு ஆட்கள். பவுண்டைத் தங்கத்துக்குச் சமமென்று நம்பிக் கஜானாவில் வைத்திருந்த நெதர்லாந்து மத்திய வங்கிக்குப் பெரும் நஷ்டம். பவுண்டோடு கட்டப்பட்டிருந்த ரூபாயும் தானாகக் கீழே போயிற்று. ரூபாய்க் கணக்கில் தங்க விலை ஏறியதும், விளைச்சல் விலை விழுந்து கடனில் தவித்த நம் ஊர் விவசாயிகள் வீட்டு நகைகளை விற்றார்கள். அந்தத் தங்கம் பம்பாய் வழியாகக் கப்பலேறி லண்டனின் பவுண்டைத் தாங்கிப் பிடித்தது. காந்தி அந்தச் செப்டம்பரில் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டனில்தான் இருந்தார். பிரிட்டன் தங்கத்தை விட்ட அதே வாரக் கடைசியில் லங்காஷயரின் வேலையில்லாத நெசவாளர்களைப் பார்க்கப் போனார். ஒரு வாரத்துக்குள் எத்தனை கதைகள்!

விட்டவர்களில் எனக்குப் பிடித்தது ஸ்வீடன்தான். பிரிட்டனுக்கு ஒரு வாரம் பின்னால், செப்டம்பர் 27 அன்று விட்டது. விட்டதோடு நிற்காமல், இனி உள்நாட்டில் குரோனாவின் வாங்கும் சக்தியைக் காப்பதே எங்கள் குறி என்று அறிவித்தது. தங்கம் போனால் நாணயத்துக்கு நங்கூரமே இல்லை என்று பயந்தவர்களுக்கு அது ஒரு பதில்: தங்கம் இல்லாவிட்டால் விலைவாசி நங்கூரமாக இருக்கட்டுமே. அரசியலும் கூடவே மாறியது. 1931 மே மாதம் ஓடாலன் பகுதியில் வேலைநிறுத்த ஊர்வலத்தின்மேல் ராணுவம் சுட்டு ஐந்து பேர் செத்த நாடு அது. இரண்டே வருடத்தில், தொழிலாளர் கட்சியும் விவசாயிகள் கட்சியும் உட்கார்ந்து பேரம் பேசின. விவசாயிக்கு விலை ஆதரவு, தொழிலாளிக்கு வேலைத் திட்டம். ஸ்வீடன்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘மாட்டு வியாபாரம்’. துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசுகிற சந்தையைப் பார்த்த நமக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டாம்.

பிடித்திருந்தவர்கள்

பிரான்சின் சூடு வேறு மாதிரி. போருக்கு முன் ஒரு பவுண்டுக்கு 25 பிராங்க். 1926 ஜூலையில் 240. போவன்காரே பிரதமராக வந்து நிறுத்திப் பிடித்தார். 1928இல் பழைய மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குத் தங்கத்தோடு கட்டினார். அதாவது, அரசுப் பத்திரம் வாங்கி வைத்துவிட்டு வட்டியில் முதுமையைக் கழிக்கலாம் என்றிருந்த பிரெஞ்சு நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பில் ஐந்தில் நாலு பங்கு ஏற்கெனவே போயாயிற்று. இனியொரு தரம் பிராங்கைத் தொட்டால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். பிராங்கைத் தொடுவது என்பது திருட்டு என்ற அளவுக்கு அது அறநெறி விஷயமாகிவிட்டது.

முதலில் இந்த வழிதான் சிறந்ததாகத் தெரிந்தது. பிராங்க் மலிவாகக் கட்டப்பட்டிருந்ததால் உலகத் தங்கமெல்லாம் பாரிசுக்கு வந்து குவிந்தது. 1932 வாக்கில் உலக மத்திய வங்கிகளின் தங்கத்தில் கால் பங்குக்கு மேல் பேங்க் ஆஃப் பிரான்சிடம். பாரிஸ் தெருமட்டத்துக்கு இருபத்தைந்து மீட்டருக்கும் கீழே, வரிசை வரிசையாகத் தூண்கள் நிற்கும் நிலவறையில் அதை வைத்திருந்தார்கள். மேலே தெருவில் நெருக்கடி பெரிதாகத் தெரியவில்லை. லண்டனும் பெர்லினும் பற்றி எரிகையில் பிரான்ஸ் மட்டும் தீவு மாதிரி நின்றது.

பிறகு பவுண்டு இறங்கியது. 1933-34இல் ரூஸ்வெல்ட் தங்கத்தின் விலையை அவுன்சுக்கு 20.67 டாலரிலிருந்து 35 டாலராக ஏற்றி, டாலரையும் இறக்கினார். மலிவாக இருந்த பிராங்க் யாரும் தொடாமலே உலகத்திலேயே விலையேறிய நாணயமாகிவிட்டது. பிரெஞ்சுச் சரக்கை வாங்க ஆளில்லை, சுற்றுலாப் பயணி வரவில்லை. மற்ற நாடுகள் எழுந்து நடக்க ஆரம்பித்த சமயத்தில் பிரான்ஸ் படுத்தது. அரசுகள் மாதக் கணக்கில் மாறின. 1934 பிப்ரவரி 6 அன்று வலதுசாரி அமைப்புகள் நாடாளுமன்றத்தை நோக்கிக் கிளம்பி, கான்கார்டு சதுக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். 1935 ஜூலையில் பிரதமர் லவால் அரசுச் செலவு மொத்தத்திலும் பத்து சதவீதத்தை ஆணை போட்டு வெட்டினார். ஆசிரியர் சம்பளம், பென்ஷன், பத்திர வட்டி எதுவும் தப்பவில்லை. சேமிப்புக்காரனைக் காக்கப் பிடித்த தங்கம், சேமிப்புக்காரனின் வட்டியையே தின்றது.

பக்கத்திலேயே பாடம் நடந்தது. பெல்ஜியமும் பிரான்சோடு சேர்ந்து தங்கத்தைப் பிடித்திருந்த நாடுதான். 1935 மார்ச்சில் விட்டது, 28 சதவீதம் மதிப்பைக் குறைத்தது. கொஞ்ச நாளிலேயே ஆலைகளும் துறைமுகமும் ஓட ஆரம்பித்தன. பாரிசில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1936இல் இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி ஜெயித்துப் பிரதமரான லியோன் புளூம்கூட, பிராங்கின் மதிப்பைக் குறைக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜூனில் முதலாளிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே மாட்டிஞோன் ஒப்பந்தம் வந்தது. கூலி ஏறியது. அதே மாதம் இரண்டு வாரச் சம்பள விடுப்பும், வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலையும் சட்டமாயின. தொழிலாளிக் குடும்பங்கள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்க்கப் போன கோடை அது. செப்டம்பர் கடைசியில் பிராங்கையும் குறைக்க வேண்டியதாயிற்று. கூலி ஏற்றத்தோடு சேர்ந்து வந்ததால் மதிப்புக் குறைப்பின் பலனை விலையேற்றம் விழுங்கிவிட்டது. ஐந்து வருடம் முன்னாடியே செய்திருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது.

பிடித்திருப்பதில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் பிடித்திருந்தால் அது ஒழுங்கு. பெரியவர்கள் ஒவ்வொருவராக விட்டபிறகு மிச்சமிருப்பவர்கள் பிடித்திருப்பது, கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்ட பிறகு உட்கார்ந்தே படம் பார்ப்பேன் என்பது மாதிரி.

கதவைச் சாத்தியவர்கள்

ஜெர்மனிக்குத்தான் அதிக இடம் ஒதுக்க வேண்டும். முடிவு தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பது அங்கேதான் தெரிந்தது.

பிரிட்டனைப் போல் நீங்களும் விட்டிருக்கலாமே என்று பெர்லினைக் கேட்பது அவ்வளவு நியாயமில்லை. இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம், கடன் யாருடைய நாணயத்தில் இருக்கிறது என்பது. லண்டன் வாங்கிய கடனும் கொடுத்த கடனும் பெரும்பாலும் பவுண்டில். பவுண்டு இறங்கினால் கடனும் கூடவே இறங்கும். ஜெர்மனி 1924க்குப் பிறகு அமெரிக்காவிலும் மற்ற இடங்களிலும் வாங்கித் தள்ளிய கடனெல்லாம் டாலரிலும் தங்கக் கணக்கிலும். மார்க் இறங்கினால் கடன் ஏறும். அதற்கு மேல், 1988 வரை போர் இழப்பீடு கட்டச் சொன்ன யங் திட்டம், மார்க்கின் தங்க மதிப்பை ஜெர்மனி தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே 1923இன் நினைவு. மார்க்கைத் தொடுகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பினாலே அடுத்த நாள் காலை கடைகள் காலியாகிவிடும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

அதனால் ஜெர்மனி மூன்றாவது வழியை எடுத்தது. ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்கின் தலைவர் ஹான்ஸ் லூதர் ஜூலையில் லண்டனுக்கும் பாரிசுக்கும் விமானத்தில் பறந்து கடன் கேட்டார், வெறுங்கையோடு திரும்பினார். ஜூலை நடுவிலிருந்து செலாவணிக் கட்டுப்பாடு வந்தது. காகிதத்தில் மார்க் பழைய மதிப்பிலேயே இருக்கும், ஆனால் அனுமதி இல்லாமல் யாரும் அதை டாலராக மாற்ற முடியாது. வெளிநாட்டு வங்கிகளின் குறுகியகாலக் கடன்கள் ஒப்பந்தம் போட்டு உறைய வைக்கப்பட்டன. நோட்டுக்கு நாற்பது சதவீதம் தங்கமும் அந்நியச் செலாவணியும் ஈடு இருக்க வேண்டும் என்ற விதி அதே ஜூலையில் உடைந்தது. வானம் இடிந்து விழவில்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கதவைச் சாத்தியாயிற்று. தங்கம் ஓட வழியில்லை. தங்கம் ஓடாது என்றால் அதைக் காக்க வட்டியை ஏற்றவும் கூலியை வெட்டவும் வேண்டிய கட்டாயம் பெருமளவு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் கதவு திறந்தே இருப்பது மாதிரி பட்டினி கிடந்தார்கள். பிரதமர் புரூனிங் 1931 டிசம்பர் 8 அன்று கொண்டுவந்த அவசர ஆணை, கூலியை 1927 ஜனவரி மட்டத்துக்கு இறக்கியது. கூட்டு வைத்து விலை நிர்ணயிக்கும் கம்பெனிகள் விலையைப் பத்து சதவீதம் குறைக்க வேண்டும், வாடகையும் வட்டியும் குறைய வேண்டும் என்றது. நாணயம் அசையாமலிருக்க நாட்டையே ஆணை போட்டு இறக்கும் முயற்சி. 1932 பிப்ரவரியில் பதிவான வேலையில்லாதவர்கள் 61 லட்சம். மக்கள் அவருக்கு வைத்த பெயர் ‘பட்டினிப் பிரதமர்’.

வேறு யோசனை இல்லாமலா இருந்தது? பிரிட்டன் தங்கத்தை விடுவதற்கு நாலைந்து நாள் முன்னால், ரைக்ஸ்பாங்கிலேயே ரகசியமாக ஒரு கூட்டம் நடந்தது. பொருளாதார அமைச்சக அதிகாரி வில்ஹெல்ம் லாவ்டன்பாக், கடன் கொடுத்து ரயில்வே, சாலைப் பணிகளைத் தொடங்கலாம் என்று திட்டம் வைத்தார். கேட்டார்கள், பேசினார்கள், கலைந்தார்கள். சில மாதம் கழித்துத் தொழிற்சங்கங்களின் புள்ளியியலாளர் விளாதிமிர் வோய்டின்ஸ்கி, தார்னோவ், பாடே என்ற இருவரோடு சேர்ந்து இன்னொரு திட்டம் போட்டார்: 200 கோடி மார்க்கில் பத்து லட்சம் பேருக்குப் பொதுப்பணி வேலை. 1932 ஏப்ரலில் தொழிற்சங்கங்களே அதை ஏற்றுக்கொண்டன. தடுத்தது அவர்களுடைய சொந்தக் கட்சி. சமூக ஜனநாயகக் கட்சியின் பொருளாதார மூளை ருடால்ஃப் ஹில்ஃபர்டிங், இது பணவீக்கத்தில் போய் முடியும் என்றார். 1923இல் பணவீக்கம் உச்சத்தில் இருந்தபோது நிதியமைச்சராக இருந்தவர் அவர். அவருடைய கையில் சுட்ட தழும்பு ஆறவில்லை.

புரூனிங்குக்கு ஒரு கணக்கு இருந்தது. பட்டினி கிடந்து காட்டினால், ஜெர்மனியால் கட்ட முடியாது என்று நம்பி இழப்பீட்டை ரத்து செய்வார்கள். கணக்கு பலித்தது. 1932 ஜூலையில் லோசான் மாநாடு இழப்பீட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் மே 30 அன்றே அவர் பதவி போய்விட்டது. அந்த மாதம்தான் நாடாளுமன்றத்தில், இலக்குக்கு நூறு மீட்டர் இருக்கையில் நிலைகுலைந்துவிடக் கூடாது என்று பேசியிருந்தார். ஜூலை 31 தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 230 இடங்கள். 1928இல் அதற்கு 12 இடங்கள்தான். வேலையில்லாதவர்கள் எல்லோரும் அங்கே போனார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் கம்யூனிஸ்டுகளுக்குப் போட்டார்கள். நாஜிகளுக்குத் தூக்கிக் கொடுத்தவர்களில் சிறு கடைக்காரர்கள், கடனில் மூழ்கிய விவசாயிகள், சம்பளம் வெட்டப்பட்ட அரசு ஊழியர்கள் அதிகம். எந்த ஜனங்களுடைய சேமிப்பைக் காக்க மார்க்கைப் பிடித்திருந்தார்களோ அதே ஜனங்கள்.

ஜனநாயகம் செத்தது 1933 ஜனவரியில்தானா என்றும் கேட்க வேண்டும். 1932இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 5. குடியரசுத் தலைவர் கையெழுத்தில் வந்த அவசர ஆணைகள் 66. கூலியையும் விலையையும் இறக்கும் பணவாட்டத்தை வாக்கெடுப்பில் நிறைவேற்ற முடியாது, ஆணையில்தான் முடியும். ஹிட்லர் வந்தபோது ஆணையில் ஆளப்படுவதற்கு நாடு பழகியிருந்தது.

மூடிய கதவுக்குப் பின்னால் என்ன செய்ய முடியும் என்பதைப் பிறகு, ஹிட்லர் காலத்தில் ரைக்ஸ்பாங்க் தலைவராக இருந்த ஷாக்ட் காட்டினார். ஆள் இல்லாத ஒரு கம்பெனியின் பெயரில் ‘மெஃபோ’ உண்டியல்கள் (பிறகு பணம் தருவதாக எழுதும் கடன் சீட்டுகள்) எழுதி, 1938க்குள் 1200 கோடி மார்க் கடன் உருவாக்கினார். லாவ்டன்பாக்கும் வோய்டின்ஸ்கியும் கேட்டதைவிடப் பல மடங்கு. ரயில் பாதைக்குக் கொடுக்கத் தயங்கிய கடன் பீரங்கிக்குத் தாராளமாகக் கிடைத்தது.

இதே வழியை எடுத்த மற்ற இருவரைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஹங்கேரியில் பத்து வருடம் ஆண்ட பெத்லென் 1931 ஆகஸ்டில் விலகினார், அடுத்த வருடம் கோம்போஷ் வந்து நாட்டை முசோலினி பக்கம் திருப்பினார். ஆஸ்திரியாவில் பிரதமர் டோல்ஃபுஸ் 1933 மார்ச்சில் நாடாளுமன்றத்தைக் கூட விடவில்லை. அடுத்த பிப்ரவரியில் வியன்னாவின் தொழிலாளர் குடியிருப்புகள்மேல் பீரங்கி முழங்கியது.

எதை எடுத்திருக்கலாம்

சரி, 1931 செப்டம்பரில் முடிவு என் கையில் இருந்தால்? கடன் என் நாணயத்தில் இருந்தால் உடனே விடுவேன், ஸ்வீடன் மாதிரி விலைவாசியைக் குறியாக அறிவித்துவிட்டு விடுவேன். 1980களில் ஐகன்கிரீன், சாக்ஸ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் பத்து ஐரோப்பிய நாடுகளை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். நாணயத்தை அதிகம் இறக்கிய நாடுகள் 1935க்குள் அதிகம் எழுந்திருந்தன, பிடித்திருந்தவை பின்தங்கியிருந்தன. அடுத்தவன் தலையில் சுமையை ஏற்றுகிற வழி என்ற குற்றச்சாட்டு உண்மைதான், நம் வீட்டு நகைகள் போன கதையே சாட்சி. ஆனாலும் எல்லோரும் விட்டிருந்தால் எல்லோருக்கும் வட்டி குறைந்திருக்கும்.

கடன் வெளிநாட்டு நாணயத்தில் இருந்தால் கதவைச் சாத்துவதைத் தவிர வழியில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். புரூனிங்குக்கு வேறு போக்கே இல்லை என்று வாதாடும் வரலாற்றாசிரியர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள். 1931 ஜூலைக்கு அந்த வாதம் செல்லும். 1932 பிப்ரவரிக்குச் செல்லாது என்பது என் எண்ணம். அதற்குள் கடன்கள் உறைந்திருந்தன, நாற்பது சதவீத விதி உடைந்திருந்தது, பவுண்டு இறங்கியதால் பவுண்டில் இருந்த கடனும் இறங்கியிருந்தது. திட்டம் மேசைமேல் கிடந்தது. கதவைச் சாத்தியவன் உள்ளே அடுப்பையாவது பற்றவைக்க வேண்டும். மூன்று வழியிலும் மிக மோசமானது, சாத்திய கதவுக்குப் பின்னால் பட்டினி கிடந்த அந்த மாதங்கள்தான். பிரான்சின் பிடிவாதம்கூட இரண்டாம் இடம்தான். அங்கே 1936இல் வாக்குச்சீட்டு வழியாகவே அரசை மாற்ற முடிந்தது.

சாத்திய கதவின் சாவி யார் கைக்குப் போகும் என்பதை 1931இல் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. டிசம்பர் 8 ஆணையில் ஒரு சின்னப் பிரிவு இருந்தது: பணக்காரர்கள் சொத்தோடு நாட்டைவிட்டு ஓடாமலிருக்க, இரண்டு லட்சம் மார்க்குக்கு மேல் சொத்து உள்ளவர் குடிபெயர்ந்தால் நாலில் ஒரு பங்கை வரியாகக் கட்ட வேண்டும். தற்காலிக ஏற்பாடு என்று சொன்னார்கள். ஆரம்பத்தில் வருடத்துக்குப் பத்து லட்சம் மார்க்கைத் தொடவே பாடாக இருந்தது. 1934இல் புது அரசு வரம்பை மட்டும் ஐம்பதாயிரமாக இறக்கியது. உயிர் பிழைக்க ஓடிய யூதக் குடும்பங்கள் எல்லையைத் தாண்டும் முன் அதைக் கட்டின. 1938-39இல் அந்த வரியில் வந்தது 34 கோடி மார்க்.